ஊசி துள்ளிய கேள்வி

வியட்நாமில், கான் ஹொய் துறைமுகத்தில் அமெரிக்கர்கள் கிடங்கு வேலைக்கு ஆள் எடுத்த நாள். பொய் கண்டுபிடிக்கும் இயந்திரத்தில் சோதித்துத்தான் எடுத்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புதுச்சேரிக்காரரும் காரைக்கால் ஜவுளி வியாபாரி ஒருவரும் நின்றார்கள். சுற்றிலும் வியட்நாமியர்கள்தான் என்ற தைரியத்தில் தமிழில் பேசினார்கள். எனக்கும் தமிழ் தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை.

“மனசுல ஓடுறத அந்த மெஷின் ஊசி கோடா வரைஞ்சிடுது பாய்,” என்றார் புதுச்சேரிக்காரர்.

“மனசையா? கையில பட்டி கட்டி நாடி பாக்குறானுவ. நாடியும் மனசும் ஒண்ணா முசே?” என்று பிரெஞ்சு மரியாதை சேர்த்துக் கேட்டார் வியாபாரி.

“நாடி, மூச்சு, வேர்வை எல்லாத்தையும் சேத்துக் கணக்குப் போட்டா மனசு தெரிஞ்சிடுமாம். சயன்ஸுங்கிறான்.”

“பயந்தவனுக்கும் நாடி துடிக்கும், பொய் சொல்றவனுக்கும் துடிக்கும். எப்படிப் பிரிப்பான்?”

புதுச்சேரிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்தே என்னைச் சோதிச்சாச்சு. உம் பேரு பியேரான்னு கேட்டான். ஆமான்னேன். ஊசி துள்ளிடுச்சு.”

“பொய்ப் பேரா?”

“சேச்சே. தாத்தா நம்ம ஊர்ச் சட்டத்த விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறி, பிரெஞ்சுப் பேரு வெச்சுக்கிட்டதுலேருந்து எங்க வீட்டுல காகிதத்துக்கு ஒரு பேரு, கூப்பிட ஒரு பேரு. வீட்டுல நான் முருகேசன்.”

“அதச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். அதுக்கும் துள்ளுச்சு. இன்னைக்கு மறுபடி வரச் சொல்லிட்டான்.”

வியாபாரி ஓரடி விலகி நின்று அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்ப நீங்க யாரு முசே?”

உள்ளேயிருந்து “பியேர்!” என்று கூப்பிட்டார்கள். அவர் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள்.

“போங்க,” என்றார் வியாபாரி. “அவன் கணக்குல யாரு வருதுன்னு கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லுங்க.”