ஓவிய வகுப்புக்காக வாசல் ஏறிய கணக்கு ஆசிரியைக்கு

எண்ணைக் கண்டு எட்டி நின்ற பிள்ளைகளை எண்ணோடு உறவாட வைத்தவரே! ஏய்ப்பறியா உழைப்பால் எங்களையெல்லாம் இருக்கையை விட்டு எழுந்து நிற்க வைத்தவரே! கண்டிப்பைக் கையிலும் கனிவைக் கண்ணிலும் வைத்துக்கொண்டு, இரண்டில் எது எப்போது வரும் என்று எவரும் அறியாதபடி இப்பள்ளியை ஆண்ட எங்கள் கணக்கு ஆசிரியை அம்மையீர்! இன்றோடு பணி நிறைவு பெறும் தங்களுக்கு, இப்பள்ளியின் ஆசிரியர்களும் அலுவலர்களும் ஒன்றுகூடி, உள்ளத்தில் எழுதி ஊர் கேட்க வாசித்தளிக்கும் மடல் இது.

முப்பத்தொரு ஆண்டுகள்! மணி அடித்த பின்னும் வகுப்பை விடாத முப்பத்தொரு ஆண்டுகள். விடை சரியாக இருந்தாலும் "மீதி என்ன?" என்று கேட்டுக் கேட்டு 'மீதி டீச்சர்' என்ற பட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த ஆண்டுகள். அந்தப் பட்டம் தங்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். தங்கள் பெருமையைத் தங்களிடமே கேட்டால், "வேலையைப் பார்த்தேன், சம்பளம் வாங்கினேன், இதுல என்ன இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். ஆகையால் கடந்த விடுமுறையில் நடந்ததை, அந்நாட்களில் தங்களோடு வாசல் வாசலாக நடந்த ஓவிய ஆசிரியையின் பக்கத்தில் நின்று சொல்கிறோம். அவர் சொல்லக் கேட்டு நாங்கள் எழுதியது இது.

மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று கல்வித் துறை மூன்று பணியிடங்களுக்குச் சம்பளத்தை நிறுத்தியது. ஓவியம், உடற்பயிற்சி, எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பு ஆகியவையே அந்த மூன்றும். ஓராண்டுச் சம்பளத்தை ஊரார் திரட்டிக் கட்டினால் பணியிடம் நீடிக்கும். பள்ளி திறப்பதற்குள் கட்டாவிட்டால் ரத்தாகும். ரத்தான பணியிடம் திரும்பி வந்ததாக எங்களில் எவரும் கேள்விப்பட்டதில்லை. ஓவிய ஆசிரியைக்கு இது ஊரை விட்டே போகும் விஷயம். அவருடைய கணவரின் வேலை அதற்கு முந்தைய ஆண்டே போயிருந்தது. வீட்டுக்கு நிலையாக வந்தது இவர் சம்பளம் ஒன்றுதான். வெளியூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அண்ணன், "வந்துடு, கல்லாவில உட்காரு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பதினான்கு ஆண்டுகள் தூரிகை பிடித்த கையால் ஆணியும் திருகும் எடைபோட வேண்டும். அண்ணனின் அன்பை நினைத்தும் அழுதார், அந்தக் கல்லாவை நினைத்தும் அழுதார்.

பெற்றோரும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து குழு அமைத்தார்கள். நிதி கேட்டு யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பேச்சு வந்தபோது எழுந்தவர் தாங்கள். "தன் வேலைக்குத் தானே கேக்கக் கூடாது. தனக்குன்னு கேட்டா குரல் தானா இறங்கிடும். இறங்கின குரல்ல கேட்டா, பிச்சை கேக்குறோம்னு நினைப்பாங்க. அடுத்தவங்களுக்குன்னா தலை நிமிர்ந்து கேக்கலாம்" என்றீர்கள். எவரும் மறுக்கவில்லை. உடற்பயிற்சிக்காக வாசிப்பு ஆசிரியை கேட்பது, வாசிப்புக்காக உடற்பயிற்சி ஆசிரியர் கேட்பது என்று முடிவாயிற்று. மிஞ்சியது ஓவியம். "அது என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்.

ஓவிய ஆசிரியைக்குத் தலை சுற்றியது. விழாவிலே இதைச் சொல்லலாமா என்று தயங்கினோம். சொல்லாவிட்டால் இம்மடலில் உண்மை இராது. இப்பள்ளியில் ஓவிய வகுப்பு நடக்க வேண்டிய நேரத்தில் பாதி நேரம் நடந்தது கணக்கு வகுப்பே. "போர்ஷன் முடியல, இந்த பீரியட் எனக்கு" என்று வாசலில் தாங்கள் வந்து நின்றால், வண்ணப் பெட்டிகள் தாமாகவே மூடிக்கொள்ளும். இந்த விஷயத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்று நாலைந்து வருடம் ஆகியிருந்தது. "பாலுக்குப் பூனையைக் காவல் வச்சிட்டாங்க மாஸ்டர்" என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் அவர் புலம்பினார். விளையாட்டு நேரத்தையும் தங்களிடம் பறிகொடுத்த அவரால் என்ன ஆறுதல் சொல்லிவிட முடியும்?

மறுநாள் விடுமுறைச் சிறப்பு வகுப்பில், ஓவிய அறையின் கடைசி பெஞ்சில் தாங்கள் வந்து அமர்ந்தீர்கள். தெரியாத பாடத்துக்காகப் பேச முடியாது என்பது தங்கள் வாதம். கைகட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு மார்க் எதைப் பார்த்துப் போடுவீங்க?" என்று கேட்டீர்கள். பல ஆண்டுகளுக்குப் பின் தாங்கள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. "போன வாரம் வரைஞ்சதைப் பக்கத்துல வச்சுப் பார்ப்பேன் டீச்சர். அதைவிட இந்தத் தடவை உத்துப் பார்த்திருக்கானான்னு தெரிஞ்சிடும்" என்றார் அவர். மூன்று நாள் தொடர்ந்து வந்து அமர்ந்தீர்கள். நான்காம் நாள், "கூட வாங்க, ஆனா வாயைத் திறக்காதீங்க" என்று அவரை அழைத்துக்கொண்டு புறப்பட்டீர்கள்.

முதல் வாசலே அச்சகம். அதை நடத்துபவர் தங்கள் பழைய மாணவர். மையும் காகிதமும் மணக்கும் அந்த அறையில் தாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "டீச்சர், நீங்களா ஓவியத்துக்குக் கேக்க வந்திருக்கீங்க? எங்க டிராயிங் பீரியடை எல்லாம் முழுங்கினதே நீங்கதானே!"

கதவோரம் நின்ற ஓவிய ஆசிரியை தரையைப் பார்த்துக்கொண்டார். தங்களை ஒருவர் இப்படிக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை மனத்துக்குள் விரும்பியவர் அவர். கேட்ட நேரம் பார்த்து அவருக்குப் பயம்தான் வந்தது. தாங்கள் கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டால் போயிற்று, எல்லாம் போயிற்று.

"ஆமாப்பா, எடுத்தேன்" என்றீர்கள். "திருப்பிக் கொடுக்கணும்னுதான் வந்திருக்கேன். திருப்பிக் கொடுக்கணும்னா, வாங்கிக்க அங்க ஒரு டீச்சர் இருக்கணும்ல."

அச்சகக்காரரின் சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு இருவருக்கும் நாற்காலி எடுத்துப் போட்டார். தன்னால் ஆனதைக் கொடுத்தார்; தன்னோடு படித்தவர்களிடமும் சொல்வதாகச் சொன்னார். ஆயினும் அடுத்த பத்து நாளில் தாங்கள் ஏறி இறங்கிய வாசல்கள் எல்லாம் இப்படி இல்லை. உள்ளே தொலைக்காட்சி ஓட, ஆள் இல்லை என்று குழந்தையை விட்டுச் சொல்லச் சொன்ன வீடும் உண்டு. உடற்பயிற்சிக்கும் வாசிப்புக்கும் தொகை நிறைந்துவிட்டது. ஓவியத்துக்கு மட்டும் பாதிக்கு மேல் குறைந்தது. பள்ளி திறக்க ஒரு வாரமே இருந்தது.

அப்போதுதான் மரச்சாமான் கடை முதலாளி ஆள் அனுப்பினார். புது வார்னிஷ் மணக்கும் கடைக்குள், பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத சோபாவில் தங்களை உட்கார வைத்தார். "டீச்சரம்மா, கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. ஓவியம் சோறு போடுமா?" என்றார். "இந்த நாற்காலியைச் செய்யறவர் மரத்தை அறுக்கறதுக்கு முன்னாடி என்ன பண்றார்? வரைஞ்சு பார்க்கிறார்ல? அங்கயே சோறு போட ஆரம்பிச்சிடுச்சு" என்றீர்கள். முதலாளி மனம்விட்டுச் சிரித்தார். ஓவிய ஆசிரியைக்கு மூச்சு வந்தது.

"நல்லா பேசுறீங்க" என்றார் முதலாளி. "ஆனா என் காசு என் இஷ்டம். ஒரு வருஷச் சம்பளம் முழுசையும் நானே தர்றேன். ஓவியத்துக்கு இல்ல, அந்தப் பணியிடத்தைக் கணக்குக்கு மாத்திக்கணும். பத்தாவது பிள்ளைங்களுக்குத் தனியா ஒரு ஆள் போடுங்க. அந்த ஆளும் நீங்கதான். ரிட்டயர் ஆறீங்களாமே? ஆன மறுநாளே அந்த இடத்துல வந்து உட்காருங்க. நான் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் தர்றேன். இதுவரைக்கும் ஓவியத்துக்குச் சேர்ந்ததை அவங்கவங்களுக்குத் திருப்பிக் கொடுத்துடலாம்."

தங்கள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அதை ஓவிய ஆசிரியை பார்த்துவிட்டார். முகத்தைப் பார்ப்பது அவர் தொழில் அல்லவா? அந்த மலர்ச்சியைக் கண்டதும் தமக்கு ஏனோ கோபம் வரவில்லை என்று அவர் எங்களிடம் சொன்னார். அண்ணன் ஊருக்கு எந்தப் பேருந்து, பாத்திரங்களில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்று அங்கேயே நின்று யோசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

தாங்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டீர்கள். மெல்லக் குடித்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "வேண்டாங்க ஐயா. நான் வந்தது இவங்களுக்குக் கேக்க. இவங்களை வாசல்ல நிக்க வச்சிட்டு எனக்கு வாங்கிட்டுப் போனா, அப்புறம் நான் யார் மூஞ்சியில முழிப்பேன்?"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன்."

"யோசிச்சுதான் தண்ணி குடிச்சேன்" என்று சொல்லி எழுந்துவிட்டீர்கள்.

கடைத்தெரு முனைவரை இருவரும் நடந்தீர்கள். வாயைத் திறக்கக் கூடாது என்ற தங்கள் கட்டளையை அங்கேதான் ஓவிய ஆசிரியை மீறினார். "அக்கா" என்று முதல்முறையாக அழைத்தார். "சரின்னு சொல்லியிருக்கலாம்க்கா. உங்களுக்கு ஆசையா இருந்துச்சு. நான் பார்த்தேன்."

"இருந்துச்சு" என்றீர்கள் தாங்கள். "இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருஷம் காலையில எழுந்தா போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு. இனிமே எங்க போறதுன்னு நினைச்சா பயமாத்தான் இருக்கு. அதுக்காக உன் இடத்துலயா போய் உட்காருவேன்?"

நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஓவிய ஆசிரியை அழுதார். "அழறதுக்கு இது நேரமில்ல, இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு" என்று தாங்கள் முன்னே நடந்தீர்கள். உடன் நடந்தவர் பார்த்ததைச் சொல்வதென்றால், தங்கள் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

அந்த நாலு வீட்டிலும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அச்சகக்காரர் சும்மா இருக்கவில்லை. 'விட்டுப்போன ஓவிய வகுப்பு, சனிக்கிழமை காலை, பழைய மாணவர்கள் அனைவரும் வருக, இயன்றதைத் தருக' என்று துண்டறிக்கை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்திருந்தார். ஐம்பது பேர் வந்தால் பெரிது என்று எண்ணியிருந்தோம். வராண்டா வரை பெஞ்சு போட வேண்டியதாயிற்று. ஓட்டுநர் வந்தார், செவிலியர் வந்தார், தொப்பையை மேசைக்குள் நுழைக்க முடியாமல் வங்கி மேலாளர் வந்தார். "எங்க செட்டுக்கும் பீரியட் பாக்கி இருக்கு டீச்சர்" என்று சொல்லிச் சொல்லிப் பெட்டியில் போட்டார்கள். கடன் கொடுத்தவர்களே தேடி வந்து மேலும் பணம் கொடுத்துவிட்டுப் போன அதிசயத்தைக் கணக்கு ஆசிரியையான தாங்களே விளக்க வேண்டும்.

ஓவிய ஆசிரியை மேசைமேல் ஒரு தண்ணீர்க் குடுவையை வைத்து, வரையச் சொன்னார். தாங்களும் கடைசி பெஞ்சில் அமர்ந்து வரைந்தீர்கள். அவர் சுற்றிவந்து தங்கள் அருகில் நின்றார். "ஸ்கேலைக் கீழ வைங்கக்கா." "கோணலாப் போகுமே." "போகட்டும்" என்றார் அவர். வகுப்பு முடியும் நேரத்தில், குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் உள்ளே வந்து, "போதும், நிறைஞ்சிடுச்சு" என்றார். வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். மரச்சாமான் கடை முதலாளி வரவில்லை. அவர் மீது எங்களுக்கு வருத்தமும் இல்லை.

பணி நிறைவு பெறும் பண்பின் பெட்டகமே! பிறர்க்கெனக் கேட்கும்போது பெருமிதம் குறையாத பேராற்றலே! தங்களைப் பிரிவது எங்களுக்கு வலிக்கிறது. அதை அலங்காரச் சொல்லால் மூடி மறைக்க விரும்பவில்லை. நோய் அண்டாத உடலும், நொந்துபோகாத மனமும், மணி ஓசைக்குப் பதறி எழ வேண்டாத காலைகளும், தேடி வரும் பழைய மாணவர் கூட்டமும் தங்களுக்கு நெடுங்காலம் நிலைக்கட்டும். தாங்கள் எந்நாள் வந்தாலும் எந்த வகுப்பின் கடைசி பெஞ்சும் தங்களுக்குரியது.

இறுதியாக ஒன்று. அன்று அந்தக் கடையில் 'சரி' என்ற ஒரு சொல்லைத் தாங்கள் சொல்லியிருந்தால், இந்த விழாவே இன்று நடந்திராது. நாளை காலையும் தாங்கள் இதே வாசல் வழியாக வகுப்புக்கு வந்திருப்பீர்கள். ஓவிய ஆசிரியையோ எந்த விழாவும் இல்லாமல், எந்த மடலும் இல்லாமல், ஒரு பெட்டியோடு ஊரை விட்டுப் போயிருப்பார். இன்று தாங்கள் போகிறீர்கள், அவர் இருக்கிறார். தங்கள் முன் நின்று இம்மடலை வாசித்துக்கொண்டிருப்பவரும் அவரே. இடையில் எங்கேனும் அவர் குரல் நின்றிருந்தால் அவையோர் பொறுத்தருள வேண்டுகிறோம்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
இப்பள்ளியின் ஆசிரியர்கள், அலுவலர்கள்