களிமண்ணில் விழுந்த ஓட்டை

கைதட்டுனது போதும்... நிறுத்துங்க. சின்னதா ஒரு கதை சொல்றேன், அதைக் கேட்டுட்டு அப்புறம் தட்டணுமான்னு பாருங்க.

கடலோரத்துல ஒரு ஊரு. மேல் மணல்ல தோண்டினா உப்புத்தண்ணி. அதுக்குக் கீழ கெட்டியா களிமண்ணு. களிமண்ணுக்கும் கீழ இன்னொரு மணலு... அதுலதான் குடிக்கிற தண்ணி! அதைக் காப்பாத்துனது யாரு? அரசாங்கமா? இல்லய்யா... அந்தக் களிமண்ணு! மேல இருந்த உப்பைக் கீழ இறங்க விடல.

அங்க தனபூபதின்னு ஒரு இறால் பண்ணைக்காரர். போர் போட்டார். களிமண்ணைப் பொத்துக்கிட்டுப் போயிடுச்சு. தண்ணி போதல. "விட்டுத்தள்ளு, பக்கத்துல போடு"ன்னார். பக்கத்துலயும் போட்டாங்க, அதையும் விட்டாங்க. பைப் இறக்கல, அடைக்கல... வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்கு!

பக்கத்துல செங்கமலத்தோட மல்லித் தோட்டம். அந்தக் கோடையில இலையெல்லாம் ஓரம் கருகுது. அடிபம்புத் தண்ணியை வாயில வச்சுப் பார்த்தா... உப்பு! நேரா பண்ணைக்கே போயிட்டா.

"அண்ணே, அந்த ரெண்டு துளையையும் மூடுங்க."

"என் நிலம், என் துளை. உன் தோட்டத்துலயா வந்து தோண்டினேன்?"

"வேலி மேலதாண்ணே இருக்கு. கீழ மணலு ஒண்ணுதானே? உங்க துளையில இறங்குற உப்பு என் பம்புல வருதே!"

"போ... போய்க் கலெக்டர்கிட்ட சொல்லு!"

சொன்னா. யாரும் வரல. தெருப் பொம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், களிமண்ணும் சிமெண்டும் கொட்டி ரெண்டையும் அவளே அடைச்சா. போலீஸ் வந்துச்சு. அடைச்ச இடத்துலயே உக்காந்துட்டா. "என்னைத் தூக்கிப் போட்டுட்டுத் திறங்க!"

திறக்க முடியல. ஜெயிச்சா... ஆனா தண்ணி திரும்பல! ஏன்? மழை பெஞ்சு உப்பைக் கழுவும்னு நினைச்சா... மழையையும் அதே களிமண்ணு இறங்க விடல! உள்ள போன உப்பு உள்ளயே நின்னுடுச்சு. தோட்டம் போச்சு. இன்னைக்குச் செங்கமலம் எங்க வேலைக்குப் போறா தெரியுமா? அதே பண்ணைக்கு இறால் உரிக்கப் போறா!

சிரிக்காதீங்க... எரியுதுய்யா எனக்கு! நம்ம ஊர்ல எத்தனை துளை திறந்து கிடக்கு? யாரோடதுன்னு தெரியாதா உங்களுக்கு? அவர் வீட்டு விருந்துல சாப்பிட்டோம்னு வாயை மூடிக்கிட்டோம்... அவர் துளையை மூட வேண்டாமா? நிலத்துக்குப் பட்டா இருக்கு. கீழ ஓடுற தண்ணிக்கு எவன்கிட்டய்யா பட்டா இருக்கு? அடுத்தவன் தோண்டுறது அவன் பாடுன்னு இருந்தா, அவன் உப்பைத்தான் நம்ம புள்ளைங்க குடிக்கும்!

நான் இப்போ மேடையை விட்டு இறங்கி முதல் துளைக்குத்தான் போறேன். வர்றவங்க மண்வெட்டியோட வாங்க. வராதவங்க... வீட்டுக்குப் போய் நல்ல தண்ணி ஒரு சொம்பு குடிச்சுக்குங்க. இருக்குறப்பவே குடிச்சுக்குங்க!