மூன்றாவது முடிச்சு

மேலூர் போகும் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த பட்டுச்சேலைக்காரி, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"என் தம்பிக்குத் தாலி கட்டத் தெரியாதுன்னு, சொல்லிக் குடுக்க ஒருத்தனப் பிடிச்சுட்டு வந்திருக்காக."

"யாரக்கா?"

"மைக்கப் பிடிச்சுக்கிட்டு கல்யாணத்த நடத்துறவனாம். மண்டபத்துக்குள்ள கூலிங் கிளாஸு வேற. மூணாவது முடிச்சு நாத்தனார் நாந்தான போடணும்? பொண்ணு பின்னால போயி நிக்கிறேன். 'அக்கா, ஃபிரேம்ல விழுறீங்க, கீழ இறங்குங்க'ங்கிறான், மைக்குலயே. அம்புட்டுச் சனமும் சிரிக்குது. நேரா பந்தியில போயி உக்காந்துட்டேன்."

"ஒங்க தம்பி ஒண்ணும் சொல்லலயா?"

"தாலியக் கையில வச்சுக்கிட்டு கேமராவப் பாத்துப் பல்லக் காட்டுறான். நான் அங்கருந்து பாத்துக்கிட்டே ரெண்டு இட்லி தின்னு முடிச்சும் கட்டல. மேளக்காரங்களும் சும்மா உக்காந்திருக்காங்க. அப்புறம் மைக்குக்காரன் 'த்ரீ, டூ, ஒன்'னு எண்ணுறான், இவன் கட்டுறான்."

"ஒங்க முடிச்சு?"

"அதையும் தம்பியே போட்டுக்கிட்டான். எல்லாரும் கை தட்டுங்கன்னான் மைக்குக்காரன். நானும் பந்தியில இருந்து எந்திரிச்சு வந்து எச்சிக்கையோட தட்டுனேன்."