சத்தமான அறை

ஐசலின் ஊரில் இருக்கும் நம்மூர் இனிப்புக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தோழிகள். சிவப்புக் கோட்டு போட்டிருந்தவள் ரோமுக்குப் போய் வந்தவள். மற்றவள் போகப்போகிறவள்.

“ஹோட்டல் சிட்டி நடுவுல இருக்கணும் சுதா, ஆனா சத்தமே இருக்கக் கூடாது.”

“எங்களுக்கும் அப்படித்தான் கிடைச்சுது. நான்தான் கீழ போய், ரோட்டுப் பக்கம் சத்தமான ரூமாக் குடுங்கன்னு கெஞ்சினேன்.”

“சத்தமான ரூமா? எதுக்குடி?”

“குண்டூசி விழுந்தாக்கூடக் கேக்கற ரூம்ல இவர் குறட்டை விட்டா எப்படி இருக்கும்? வீட்லயாவது ஹீட்டர் சத்தத்துல பாதி அமுங்கிடும்.”

“குடுத்தாங்களா?”

“விசித்திரமாப் பாத்துட்டுக் குடுத்தாங்க. ஜன்னலைத் திறந்து வெச்சேன். ஸ்கூட்டர், எதிர் ரெஸ்டாரண்ட்ல பாத்திரம் கழுவற சத்தம், யாரோ புருஷன் பொண்டாட்டி சண்டை. சுகமாத் தூங்கினேன்.”

“அவர்கிட்ட என்ன சொன்னே?”

“பழைய ரூம்ல குழாய் ஒழுகுதுன்னேன்.”

காரை பார்க் பண்ணிவிட்டு சுதாவின் கணவர் வந்து சேர்ந்தார். ரோம் என்று காதில் விழுந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

“அந்த ஹோட்டலுக்கு மட்டும் போயிடாதீங்க. ஒரே இரைச்சல். ஒரு ராத்திரிகூட நான் கண்ணை மூடலை.”

தோழி மிகுந்த அனுதாபத்தோடு தலையாட்டினாள். அவர் மிக்சர் பாக்கெட் எடுக்க நகர்ந்ததும் சுதாவின் கையைப் பிடித்தாள்.

“ஹோட்டல் பேர் என்னடி? அந்த ரோட்டுப் பக்க ரூம் நம்பரும் சொல்லு.”