முப்பதாயிரத்து முப்பது

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். வெறுந்தாளில் என் எழுத்து மேலே ஏறிவிடும். பதினேழு வருஷம் கரும்பலகையில் எழுதிய கை.

பெயர் ராஜபாண்டியன். கணக்கு வாத்தியாராக இருந்தேன். பள்ளியை மூடியதும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் ஆனேன்.

முதலாளி தன் மகள் கல்யாணத்துக்கு முப்பதாயிரம் வெடி வைத்து ஒரே சரம் பின்னச் சொன்னார். முப்பதாயிரம் ஓர் எண்ணா சார்? வெறும் சைபர் ஊர்வலம். இன்னும் முப்பது சேர்க்கச் சொன்னேன். 30,030. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று முதல் ஆறு பகா எண்களைப் பெருக்கினால் வருவது. அந்த ஆறாலும் மீதியில்லாமல் வகுபடும் எண்களில் ஆகச் சிறியது. வகுத்திகள் அறுபத்துநாலு. தன்னை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் தன்னைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டும். பார்க்க அடக்கம், உள்ளே சரக்கு. முதலாளிக்கு எல்லாம் விளக்கினேன். "வெடிக்கும்லா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரே குறை, அது நாலால் வகுபடாது. சரம் பின்னும் அறையில் நாலு பேர்தான் இருக்கலாம் என்பது சட்டம். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 6006. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே. அதனால் ஐந்தாவது ஆளாகப் பக்கத்து அறையிலிருந்து பாண்டிச்செல்வியைக் கூட்டிவந்தேன்.

அந்த அறையின் மூத்த கை கருப்பம்மாள். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவள்.

"இதுக்கா சார் இம்புட்டு ரோசனை? ரெண்டு பேரு ஏழாயிரத்து ஐநூத்தேழு பின்னுதோம். ரெண்டு பேரு அதுக்கு ஒண்ணு கூடுதலாப் பின்னுதோம். சோலி முடிஞ்சுது. அந்தப் புள்ளைய அவ ரூமுக்கே அனுப்புங்க."

"யக்கா, நீ வாத்தியாரா போயிரு. சாரு சரம் பின்னட்டும்" என்றாள் பக்கத்தில் பின்னிக்கொண்டிருந்த மாரிசெல்வி.

வகுத்தல் வேறு, பங்கு போடுவது வேறு என்று விளக்கினேன். விளக்கி முடிக்கும்வரை சிரித்தார்கள்.

அறைக்கு இரண்டு வாசல். ஐந்தாவது ஆளுக்கு இடம் போதவில்லை. கிழக்குக் கதவைச் சாத்தி, பின்னி முடித்த சரத்தை அதில் சாய்த்து அடுக்கவைத்தேன். இடம் கிடைத்தது. கருப்பம்மாளை அந்தக் கதவோரம் உட்காரச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை பதினொன்றரைக்கு மேற்கு வாசலருகே உராய்வில் தீப்பிடித்தது. திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான். பேப்பரில் சுமார் ஐந்து பேர் பலி என்று போட்டிருந்தார்கள். சுமார் எல்லாம் இல்லை சார். ஐந்து. அதுவும் பகா எண்.

எண் மேல் இருந்த பிரியத்தால் நடந்தது என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். ஆனால் முதல் நாள் சாயங்காலமே கருப்பம்மாள் சொன்னதைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். சரியாக 30,030 வந்தது. மறுநாள் காலை பாண்டிச்செல்வியைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைத் திறந்துவைக்கலாம் என்று அந்த அறைவரை போகவும் செய்தேன்.

கருப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள் சார். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.