திரைக்குப் பின்னால் போன பிளக்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார்மாரே, கல்முனை வர்த்தகப் பெருமக்களே, மோட்டார் சைக்கிள்களைச் சந்தை ஓரம் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே! எங்கள் முறைப்படி வணக்கம். மறைந்த முதலாளி ஸைனுலாப்தீன் அவர்கள் முறைப்படி ஸலாம்.

காரைதீவுச் சந்தியில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் இந்தத் தங்கராசா, கல்முனைக்குடியில் அதே வியாபாரம் செய்தவருக்காக அழ வந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

யார் இந்த ஸைனுலாப்தீன்? காசை நீட்டினால் எஞ்சினுக்குப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கை எடுத்துத் தருபவரா? இல்லை! "எங்க போற சைக்கிள்? மெதுவாவா, வேகமாவா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அவரிடம் ஒரு பிளக் வாங்கியவர் இந்தச் சபையில் உண்டா? மட்டக்களப்புக்கு மீன் பெட்டியோடு பறக்கும் வியாபாரி ஒருவர், வயல் வரம்பில் ஊர்ந்து திரியும் ஓவசியர் வாங்கிய அதே பிளக்கைக் கேட்டார். இரண்டும் ஒரே சைக்கிள்தானே என்று சண்டைக்கு நின்றார்.

"சைக்கிள் ஒண்டுதான் காக்கா, ஓடுற ஆள் ரெண்டு பேர்" என்றார் முதலாளி. "அவர்ர பிளக் சூட்டைப் பிடிச்சு வெச்சிரிக்கணும், இல்லாட்டிக் கரி அடைக்கும். உங்கட பிளக் சூட்டை வெளிய விடணும். இல்லாட்டி எஞ்சின் இறுகி வழியில களுவாஞ்சிக்குடியிலயே நிண்டு மீனை வித்துப்போட்டு வாங்க!"

பழைய பிளக்கின் நிறம் பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி. கறுத்திருந்தால் சூடு போதவில்லை. வெளுத்திருந்தால் சூடு மிஞ்சிவிட்டது. தேயிலைச் சாயம்போல் இருந்தால் சரி. முதலாளிக்கோ இரண்டு கண்ணிலும் புரை! அதை மறைத்தாரா? கடையை ஒட்டிய வீட்டு வாசலில் தொங்கும் திரைக்குப் பின்னால் பிளக்கை நீட்டுவார். அவருடைய மனைவி ஸாலிஹா அம்மையாரின் குரல் வரும்: "வெளுத்துப்போச்சு." உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கேக்கிறது நான், பாக்கிறது அவ" என்பார்.

என் கடையில் பிளக் வாங்கியவர்களும் நிறம் கேட்க அங்கேதான் போனார்கள்! எனக்குக் கோபம் வராதா? நேரே போய்க் கேட்டேன். "விலை உங்களுக்கு, வேலை எங்களுக்கு. கோவம் எனக்கெல்லோ வரணும் தம்பி? இரிங்க, தேத்தண்ணி குடிங்க" என்றார். அந்த மனிதர் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை, பெரியோர்களே!

இனி அந்தக் கடை பூட்டப்படும், தங்கராசாவுக்கு நல்ல காலம் என்று சந்தையில் கதைக்கிறார்கள். பூட்டுவதா? போனவர் கேட்கிற ஆள். பார்க்கிற ஆள் இருக்கிறாரே! அம்மையார் கணவரை இழந்த பெண்கள் நாலு மாதம் பத்து நாள் தனித்திருக்கும் இத்தாவில் இருக்கிறார்; வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்களோடு கதைக்கமாட்டார். அதனால் மரைக்கார் அவர்களிடமே விசாரித்தேன். அம்மையாரின் கூடப் பிறந்த தம்பி அப்துல் ஸமட் பிளக்கை உள்ளே கொண்டுபோய்க் காட்டுவதில் ஒரு தடையும் இல்லை என்றார். காலையில் அங்கே, மாலையில் என் கடையில் நான் இருப்பேன். இது சபையறியச் சொல்லும் வாக்கு!

இன்று காலை அந்தக் கடையில், இதோ இங்கே அமர்ந்திருக்கும் சீனிமுகம்மது தம் பிளக்கை என்னிடம் தந்தார். பெருமையோடு உள்ளே அனுப்பினேன். அப்துல் ஸமட் திரும்பி வந்து அக்காவின் பதிலைச் சொன்னார்: "நிறம் தெரியிது. எங்க போற சைக்கிள் எண்டு தங்கராசாண்ணன் கேட்டாரா?"

நான் கேட்கவில்லை, சபையோரே!

சீனிமுகம்மது அவர்களே, எழுந்து நில்லுங்கள். எங்கே போகிறது உங்கள் சைக்கிள்? மெதுவாகவா, வேகமாகவா? இந்த ஒலிபெருக்கிக்குக் கிட்ட வந்து உரக்கச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குக் கேட்க வேண்டும்.