யார் வீட்டில் எலி விழுந்தது என்று கேட்டவர்

சபைக்குத் தலைமை வகிக்கும் கமிட்டித் தலைவர் நரசிம்மமூர்த்தி அவர்களே, எங்கள் தலைமை உபாத்தியாயினி நஞ்சம்மா அவர்களே, பிளேக்கு அதிகாரி அவர்களே, நார்மல் ஸ்கூலிலிருந்து வந்திருக்கும் அம்மணிகளே, தேவராஜ மொஹல்லாவிலிருந்து கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என்னோடு பாயில் உட்கார்ந்து படிக்கும் தோழிகளே! எல்லோருக்கும் நான்காம் வகுப்பு மாதேவியின் வணக்கம்.

எங்கள் பயிற்சி உபாத்தியாயினி பத்மாஸினி அம்மாள் காலமாகிவிட்டார். மாணவிகள் சார்பில் நான் பேச வேண்டும் என்று உத்தரவு. பேச வேண்டியதை நஞ்சம்மா அவர்களே சொல்லிக்கொடுத்து, சில நாட்களாக ஒப்பிக்க வைத்தார்கள். "சாந்த சொரூபி, பொறுமையின் இருப்பிடம்" என்று அது தொடங்கும். நல்ல வார்த்தைகள்தான். ஆனால் நான் வாசிக்கப்போவது அது அல்ல. இது வீட்டில் எல்லோரும் தூங்கியபின், திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நானே எழுதியது. நஞ்சம்மா அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நடுவில் பயந்து உட்கார்ந்துவிட மாட்டேன். கடைசியில் எங்கள் வீட்டைப் பற்றி நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொன்னால் இன்றிரவு நாங்கள் எங்கள் வீட்டில் படுக்க முடியாது. என் அப்பா, தானியக் கடை சென்னிமலை, இந்தச் சபையில்தான் இருக்கிறார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

பெரியோர்களே! நார்மல் ஸ்கூலில் படிப்பவர்கள் உபாத்தியாயினி ஆவதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அப்படித்தான் பத்மாஸினி அம்மாள் எங்களிடம் வந்தார். வந்த அன்று அவர் எப்படி இருந்தார் தெரியுமா? கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார். எங்கள் பக்கம் திரும்பினால் குரல் போய்விடும். கடைசி வரிசையில் இருந்த நாங்கள், "அம்மா பலகைக்கு மந்திரம் ஓதறாங்க" என்று சிரித்தோம்.

முதல் விமரிசனப் பாடம் ஒட்டகம். கூடப் படிக்கும் அம்மணிகளெல்லாம் பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவார்கள். அந்தப் பயத்தில் அவர் முன்தினமே எங்களுக்கு ஒத்திகை நடத்திவிட்டார். எல்லோரும் செய்வதுதான். முதல் கேள்விக்கு முதல் பெண், இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் பெண் என்று வரிசை. அவரவர் பதில் அவரவருக்குப் பாடம். மறுநாள் இரண்டாம் கேள்வியை அவர் விட்டுவிட்டார்!

"ஒட்டகத்தின் முதுகில் என்ன இருக்கிறது?"

இரண்டாம் பெண் எழுந்தாள். "முள்செடி, அம்மா!"

"ஒட்டகம் யாரைச் சுமந்து போகும்?"

"திமில், அம்மா!" என்றாள் மூன்றாம் பெண்.

அவர் பதறிப்போய், விட்ட கேள்விக்கே திரும்பினார். "ஒட்டகம் எதைத் தின்னும்?"

நான்காவது பெண் கணீரென்று சொன்னாள்: "வியாபாரிகளை, அம்மா!"

நீங்கள் சிரிக்கலாம். அன்று நார்மல் ஸ்கூல் அம்மணிகளும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த சுண்ணக்கட்டி இரண்டாக ஒடிந்தது. இனி இவர் வரமாட்டார் என்று நாங்கள் நினைத்தோம்.

வந்தார்! மறுநாள் காலை மணி அடிக்கும் முன்பே வந்து, பலகைக்கு முதுகைக் காட்டி நின்றார். "பசங்களா, நெஜமா ஒட்டகம் பாத்தவா யாரு?" என்று கேட்டார். தசரா ஊர்வலம் பார்க்காத பெண் மைசூரில் உண்டா? எல்லோரும் கை தூக்கினோம். என் பக்கத்தில் இருந்த தேவம்மா, "அது எச்சில் துப்பும் அம்மா. எங்க அண்ணன் தலையில கட்டியிருந்த புதுப் பேட்டாமேலயே துப்பிருச்சு. அவன் அழுதுட்டே ஜம்பூ சவாரி பாத்தான்" என்றாள். அன்றுதான் அவர் எங்களோடு சேர்ந்து சிரித்தார். "இத்தனையும் தெரிஞ்சவாளுக்கு நான் முள்செடியக் கத்துக்குடுத்தேனே!" என்றார். அன்று முதல் ஒத்திகை இல்லை. அன்று முதல் அவர் குரல் எங்கள் கடைசி வரிசைக்கும் வந்தது.

பிறகு பிளேக்கு வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எலி செத்து விழுந்தால் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் வீட்டைக் காலி செய்து, வெயில் விழக் கூரை ஓட்டைப் பிரித்து, குடும்பத்தையே மைதானத்துக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். அதனால் யாரும் சொல்வதில்லை.

அந்த வாரத்தில்தான் அவருடைய கடைசிப் பரீட்சைப் பாடம். சுகாதாரம். முன்தினம் நஞ்சம்மா அவர்கள் அவரிடம், "ஒத்திகை பாத்தாச்சா?" என்று கேட்டது எங்கள் காதில் விழுந்தது.

"பாக்கலை, அம்மா."

"ஒட்டகம் ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கறதாலதான் பாக்கலை."

பரீட்சை அம்மணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "எலி செத்து விழுந்தா என்ன பண்ணணும்?" என்று கேட்டார் எங்கள் அம்மாள். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், "உடனே அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்!" என்றது. அங்கேயே நிறுத்தியிருந்தால் முழு மார்க்கு. அவர் நிறுத்தினாரா? சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"இந்த வாரம் யாராத்துல எலி விழுந்தது?"

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை. பரீட்சை அம்மணியின் பேனா நின்றுவிட்டது. எங்கள் அம்மாளே பேசினார். "எங்காத்துல விழுந்தது. உத்திரத்துலேர்ந்து, அடுப்புக்குப் பக்கத்துல. அம்மா, மூச்சு விடாதேடின்னா. நானும் பயந்துண்டு ரெண்டு நாள் மூச்சு விடலை. இன்னிக்குக் கார்த்தால போய்ச் சொல்லிட்டு வந்தேன். சாயங்காலம் நாங்க கொட்டகைக்குப் போறோம். இப்போ கேக்கறேன், யாராத்துல?"

தேவம்மா கை தூக்கினாள். அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன். "எங்க மனேலயும் அம்மா. அப்பா கொல்லைல பொதைச்சுட்டாரு." அவளைப் பார்த்து இன்னும் சில கைகள் உயர்ந்தன. என் கை உயரவில்லை. அன்று எங்கள் வீட்டில் எலி விழவில்லை. அந்தக் கேள்வி அன்று எனக்குச் சுலபமாக இருந்தது.

எங்கள் அம்மாள் அதிகாரியிடம் தெருவின் பெயரை மட்டும் சொன்னார்; அன்று மாலை தேவம்மாவின் தெரு காலியாயிற்று. யார் சொன்னது என்று ஊர் கேட்டது. எந்தப் பெண் கை தூக்கினாள் என்று பத்மாஸினி அம்மாள் ஒருவரிடமும் சொல்லவில்லை. பழியைத் தானே வாங்கிக்கொண்டார். குழாயடியில் பேசியது எனக்கு இன்னும் கேட்கிறது. "பாடஞ்சொல்ல வந்தவளா, வேவு பாக்க வந்தவளா அவ?" சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். கொட்டகைக்குப் போன தேவம்மா வீட்டில் எல்லோரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தத் தெருவில் எலியை மறைத்து, பூட்டிய வீட்டுக்குள்ளே ஒளிந்திருந்த இரண்டு குடும்பங்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? அவர்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

பரீட்சையில் அவருக்குக் குறைந்த மார்க்குதான் வந்தது. பாடக்குறிப்பை விட்டு விலகினார் என்று காரணம் சொன்னார்களாம். கொட்டகையில் தேவம்மா அதைக் கேட்டு அழுதபோது, "போறதுடி. பாடம் நடந்துதோல்லியோ?" என்றாராம். அங்கே ஒரு கொட்டகையிலிருந்து மறு கொட்டகைக்குப் போகக் கூடாது. நடுவில் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளுக்கு அவர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். பலகையைப் பார்த்து முணுமுணுத்தவரின் குரல் மைதானத்தைத் தாண்டிக் கேட்டது! ஒரு நாள் காலை அந்தக் குரல் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். எலியைப் பற்றிப் பேசாமல் கழித்த அந்த இரண்டு நாளில்தான் நோய் ஒட்டியிருக்கும் என்று அவரே சொன்னாராம். தாயார் பிழைத்துக்கொண்டார். அவர் பிழைக்கவில்லை.

பத்மாஸினி அம்மாள் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்கும்படி எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் விட்டுச் சென்ற பணி எது? ஒட்டகமா? வாய்ப்பாடா? அவர் எங்களிடம் விட்டுப் போனது ஒரே ஒரு கேள்வி. அதற்கு இன்று நான் பதில் சொல்ல வேண்டியவள்.

நேற்று எங்கள் வீட்டில், ராகி மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு எலி செத்துக் கிடந்தது. அப்பா அதைச் சாம்பலில் சுற்றி எடுத்துப் போனார். "சொன்னா கடையப் பூட்டிப்போட்டு, ஓட்டைப் பிரிச்சு, நம்மளக் கொட்டாய்ல கொண்டுபோய்த் தள்ளீருவாங்க. அப்பறம் மண்ணையா திங்கறது?" என்றார். அம்மா, "புள்ள பள்ளிக்கூடம் போறவ. வெளிய சொல்லீருவாளோ என்னமோ" என்றாள். அப்பா என் தலையைத் தடவி, "அவ எம் புள்ள. சொல்ல மாட்டா" என்றார்.

அந்தத் தடவலை நினைத்து எழுதுவதை நிறுத்தினேன். பிறகு என் தங்கையைப் பார்த்தேன். அவள் தவழுகிற குழந்தை. அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான் நாளெல்லாம் தவழ்கிறாள். கையில் கிடைத்ததை வாயில் வைக்கிறாள்.

அப்பா, எந்திரிச்சுப் போயிராதீங்க. நான் உங்க புள்ளதானுங்க. அதனாலதான் சொல்றேன். கடை திரும்ப வந்துரும். பாப்பா போயிட்டா வரமாட்டாளுங்க.

பிளேக்கு அதிகாரி அவர்களே, நீங்கள் மேடையில்தான் இருக்கிறீர்கள். எங்கள் வீடு தானியக் கடைக்குப் பின்கட்டு. சாயங்காலம் வாருங்கள். நாங்கள் மூட்டை கட்டி வைத்திருப்போம்.

அம்மா! பத்மாஸினி அம்மா! இந்த வாரம் யார் வீட்டில் எலி விழுந்தது என்று நீங்கள் கேட்கிறீர்கள். எங்க வீட்ல விழுந்துச்சுங்க, அம்மா. இதோ, கை தூக்கியிருக்கிறேன். என் கையைப் பார்த்தாவது இந்தச் சபையில் இன்னொரு கை உயரட்டும். அதுவரை நான் கையை இறக்கமாட்டேன்.